மண்டல் சொன்னதும் நான் சொன்னதும்

1. டைப் அடிக்கத் தெரிந்தால் போதும்

நான் முதன்முதலாக மேடை ஏறியது பெரம்பலூரில். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை அரியலூர் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, பாலிசி காலாவதியானவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தைந்து. ஊழியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததைத் தவிர வேறு எந்தக் குற்றமும் செய்யாதவன்.

கவுன்ட்டரில் கலியமூர்த்தி வந்து நின்றார். சிமென்ட் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஆலையில் ஃபிட்டர். கையில் கிரீஸ், சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

"சேகரு, கெளம்புங்க. கேரளாவுலேர்ந்து தலைவர் வந்துட்டாரு. மொழிபெயர்க்கிற புரொபசருக்கு அம்மை போட்டுருச்சு."

"எனக்கு மலையாளம் தெரியாதுங்களே தோழர்."

"அவரு இங்கிலீஷ்லதான் பேசுவாரு. நீங்க இங்கிலீஷ்ல டைப் அடிக்கிறீங்கல்ல?"

"அது வேறங்க."

"வெரல்ல வர்றது வாயில வராதா? வாங்க."

மேனேஜரைக் காரணம் காட்டி மறுக்க நினைத்தேன். அவரும் சங்க உறுப்பினர்தான். "போயிட்டு வாப்பா" என்று அவரே அனுப்பிவைத்தார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் "மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தெரிவித்துக்கொள்ளும்" கடித ஆங்கிலம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஒர்க்கிங் கிளாஸ்" என்றால் உழைக்கும் வர்க்கம், "ஸ்டேட்" என்றால் மாநிலமா அரசா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்துக் மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்.

தலைவர் நல்ல மனிதர். ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஒருவன் பக்கத்தில் நிற்கிறான் என்பதை மேடை ஏறியதும் மறந்துவிட்டார். நிறுத்தாமல் நான்கு நிமிடம் பேசினார். முதல் அரை நிமிடம் நான் குறிப்பெடுத்தேன். அடுத்த அரை நிமிடம் குறிப்பெடுப்பதுபோல நடித்தேன். மீதி மூன்று நிமிடம் தலையை ஆட்டினேன். பிறகு அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பெரம்பலூர் மொத்தமும் என்னைப் பார்த்தது.

மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன். தலைவர் பேசியதில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. அன்று காலை சங்கத்தின் சுவரொட்டியில் படித்த ஒரு வரி மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"தோழர் என்ன சொல்கிறார் என்றால்... இன்றைக்கு இந்தியாவில் மூன்று மாநிலங்களில் நம் ஆட்சி நடக்கிறது!"

கூட்டம் கைதட்டியது. பின்னால் யாரோ விசில் அடித்தார். கூட்டம் முடிந்ததும் தலைவர் என் தோளில் கை போட்டு, கயிறு திரிக்கும் தொழிலாளிகள் பற்றிப் பேசியதற்கு இந்த ஊரில் இத்தனை வரவேற்பா என்று வியந்தார். நான் "யெஸ் காம்ரேட்" என்றேன். அந்த ஆங்கிலம் எனக்குச் சரளமாக வந்தது.

2. ஸ்டெப்னி

அதன் பிறகு புரொபசருக்கு அம்மை இறங்கியும் அவரை யாரும் கூப்பிடவில்லை. நான்தான் மாவட்டத்தின் மொழிபெயர்ப்பாளர். மூன்று மாநிலங்கள் வாக்கியத்தை நான் ஸ்டெப்னி என்று வைத்துக்கொண்டேன். வண்டி எங்கே பஞ்சர் ஆனாலும் அதைக் கழற்றி மாட்டுவேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சங்கத்தில் எழுதச் சொன்னதால், உபயோகமான சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பேச்சாளர் சாப்பிடும்போதே பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிடுகிற வேகத்தில்தான் பேசுவார். மூன்று வாக்கியத்துக்கு மேல் போனால் அவர் முழங்கையைத் தொடுங்கள். வேட்டியைத் தொடாதீர்கள். எண்கள் வந்தால் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சாளர் நகைச்சுவை சொன்னால் மொழிபெயர்க்க முயலாதீர்கள். "தோழர் ஒரு நகைச்சுவை சொன்னார், சிரியுங்கள்" என்றால் ஜனங்கள் உண்மையாகவே சிரிப்பார்கள்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் சங்கம் வளர்ந்துகொண்டிருந்தது. ஆலை கேட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டம் போட்டால், உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நின்று கேட்பார்கள். லாரியே நகராது. திருமானூர்ப் பக்கம் விவசாயிகள் சங்கத்தில் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வங்கத்தையும் கேரளத்தையும் பற்றிப் பேச ஆள் வந்தால் டிராக்டரில் வந்து இறங்குவார்கள்.

தோழர் மண்டல் வந்தது அப்போதுதான். வங்கத்தில் அப்போது மந்திரி. முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒரு போலீஸ் ஜீப், நடுவில் அவர். குள்ளமான மனிதர், பெரிய கண்ணாடி. குத்தகைக்கு உழுகிறவன் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றியதைப் பற்றிப் பேசினார். அதிகாரிகள் சாயங்காலம் ஊருக்குள் போய், வேலை முடிந்து வந்தவர்களை உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் கேட்டு எழுதினார்களாம். அந்த நிலத்திலிருந்து இனி அவனை யாரும் இறக்கிவிட முடியாது என்றார்.

அன்று நான் ஸ்டெப்னியைத் தொடவே இல்லை. அவர் சொன்னதே போதுமானதாக இருந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, "அந்தப் பதிவேடு நம்ம ஊருக்கு எப்பங்க வரும்?" என்று கேட்டார். மண்டல் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்து, "நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் வரும்" என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது.

3. இப்ப எத்தன ஸ்டேட்டு?

பிறகு வங்கத்தில் ஆட்சி போயிற்று. முப்பது வருடத்துக்கும் மேலாக இருந்தது, ஒரு தேர்தலில் போயிற்று. தேர்தல் முடிவு வந்த மறுநாள் அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் செல்வராசு டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்னங்க தோழர், இப்ப எத்தன ஸ்டேட்டு?"

கேரளமும் அதே தேர்தலில் கைவிட்டுப் போயிருந்தது. நான் ஒரு விரலைக் காட்டினேன்.

"ஒண்ணா? எது?"

"திரிபுரா."

"அது எங்கங்க இருக்கு?"

எந்தப் பக்கம் என்று கையைக் காட்டப் போய், அது பக்கத்து ஊரான ஜெயங்கொண்டம் பக்கமாக நீண்டுவிட்டது. கடையில் இருந்த எல்லாரும் அந்தத் திசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

சில வருடம் கழித்துத் திரிபுராவும் போனது. கேரளம் வருவதும் போவதுமாக இருந்தது. ஸ்டெப்னியில் காற்று இறங்கிக்கொண்டே வந்தது. மேடையில் "நம் ஆட்சி" என்று ஆரம்பித்துவிட்டு, எங்கே என்று சொல்லாமல் இருமத் தொடங்கினேன். என் மனைவி மல்லிகா பள்ளிக்கூட ஆசிரியை. "ஒவ்வொரு கூட்டத்துலயும் அதே எடத்துல இருமுறீங்க. டாக்டரப் பாருங்க, இல்ல வாக்கியத்த மாத்துங்க" என்றாள்.

எங்கள் ஊரிலும் மாறிக்கொண்டிருந்தது. ஆலையில் நிரந்தரத் தொழிலாளிகள் ரிட்டயர் ஆனார்கள். அந்த இடத்துக்கு கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். பேக்கிங் பிளான்ட்டில் மூட்டை ஏற்ற பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், வங்கத்திலிருந்தும் வந்தார்கள். சங்கத்தில் சேர்ந்தால் அடுத்த நாள் கேட் பாஸ் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். கேட் கூட்டத்தில் கலியமூர்த்தி பேசினால், போனைப் பார்த்தபடி நடந்து போனார்கள். கலியமூர்த்தி ரிட்டயர் ஆகியும் செயலாளராகவே இருந்தார். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. குரல் மட்டும் குறையவில்லை.

4. வசந்தாவின் ஒன்றரை ஏக்கர்

கீழப்பழுவூருக்கு மேற்கே உள்ள ஓர் ஊரில் சிமென்ட் கம்பெனி ஒன்று புதிதாகச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்ட நிலம் கேட்டது. நிலம் கொடுக்கிற குடும்பத்துக்கு ஓர் ஆளுக்கு வேலை என்று சொன்னார்கள். சொன்னார்கள், எழுதவில்லை.

கலியமூர்த்திக்கு அதில் ஆசை வந்துவிட்டது. அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அத்தனை பேருக்கு நிரந்தர வேலை கிடைத்தால், அத்தனை பேரும் சங்கத்தில் சேர்ந்தால், கேட்டில் மறுபடியும் லாரி நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டார். ஊரைக் கூட்டி, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேசினார். பாதி ஊர் தலையாட்டியது. வசந்தா மட்டும் எழுந்தாள்.

வசந்தாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கரிசலில் ஒன்றரை ஏக்கர். பருத்தி, அடுத்துச் சோளம். வேறு எதுவும் கிடையாது. மகன் ஐடிஐ முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில். புருஷன் கையெழுத்துப் போடத் தயார், பேனாவே திறந்து வைத்திருந்தார். ஆனால் பட்டா வசந்தா பெயரில். அவள் அப்பா வீட்டில் கொடுத்தது.

"ஏங்க செயலாளரே, ஒங்க கட்சி ஆண்ட ஊர்லேர்ந்து பெரிய மனுஷர் ஒருத்தரு ஞாயித்துக்கெழம வர்றாராமுல்ல?"

"ஆமாம்மா. தோழர் மண்டல். மந்திரியா இருந்தவரு."

"அங்கயும் ஃபேக்டரிக்கு நெலம் எடுத்தாங்களாமே. குடுத்தவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு அவரு வாயால சொல்லட்டும். நல்லா இருக்காங்கன்னா திங்கக்கெழம மொத கையெழுத்து என்னது."

"அவ போட்டா நாங்களும் போடறோம்" என்றன நாலைந்து குரல்கள்.

கலியமூர்த்தி என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையசைத்தார். மண்டல் வந்து கட்சியை விட்டுக்கொடுக்காமல் பேசினால் எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் மண்டலைக் கேட்கவில்லை.

5. கைதட்டல்

இந்த முறை மண்டல் ரயிலில் வந்தார். ஜீப் இல்லை. ஸ்லீப்பர் பெட்டியிலிருந்து தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி அதே பெரிய கண்ணாடி. கூட்டம் வசந்தாவின் ஊரில். காரில் போகும்போது அந்த ஊர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சுரங்கம், நிலம், வேலை என்று சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில், "இன்று நான் எங்கள் தவறைப் பேசப் போகிறேன். சரியாகச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

மேடைக்குப் பின்னால் கலியமூர்த்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நெற்றியில் வேர்த்தது.

"தப்பையா? எந்தத் தப்ப?"

"நெலம் எடுத்ததத்தான் தோழர்."

"ஐயையோ. இன்னிக்கா? இங்கயா?" என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். "சேகரு, பொய் சொல்லச் சொல்லல. கொஞ்சம் பதமா சொல்லுங்க."

சாயங்காலம் ஐந்தரை மணி. வெயில் இன்னும் இருந்தது. பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் வசந்தா. கடைசியில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், பேக்கிங் பிளான்ட்டில் வேலை பார்க்கிற வங்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். தங்கள் ஊர்க்காரர் வருகிறார் என்று வந்து நின்றிருந்தார்கள். அவர்களில் ரஃபிகுல் எனக்குத் தெரிந்தவன். முப்பது வயது. அரியலூரில் ஆறு வருடம். செல்வராசு டீக்கடையில்தான் தமிழ் கற்றான். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலமும் கொஞ்சம் புரியும்.

மண்டல் பேச ஆரம்பித்தார். முன்போல வேகம் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்றார். மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது. எனக்கோ நரகமாக இருந்தது.

"நிலம் கொடுத்ததால் வந்தோம். நிலம் எடுத்ததால் போனோம்" என்றார் ஆங்கிலத்தில்.

ஒன்பது வயதுப் பிள்ளைகூட மொழிபெயர்த்துவிடும். நான் சொன்னேன்: "வங்கத்தில் நிலப் பிரச்சினையில் நம் ஆட்சி பல அனுபவங்களைப் பெற்றது!"

"ஃபேக்டரி வந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கு நல்லது என்று நாங்கள் நினைத்தோம். அவர்களைக் கேட்கவில்லை. வரைபடத்தில் கோடு போட்டுவிட்டு, பிறகு போய்ச் சொன்னோம்."

"விவசாயிகளின் பிள்ளைகள் முன்னேறத் தொழிற்சாலைகளைக் கொண்டுவர அரும்பாடுபட்டோம்!"

"மாட்டோம் என்றார்கள். போலீஸை அனுப்பினோம். முப்பது வருடம் எங்களோடு நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரி."

"எதிரிகளின் சூழ்ச்சியால் தோற்றோம். ஆனால் மக்கள் இன்றும் நம் பக்கம்!"

கைதட்டல். கலியமூர்த்திதான் முதலில் தட்டினார். பிறகு கூட்டம்.

மண்டல் நின்றுவிட்டார். தான் குற்றத்தை ஒப்புக்கொள்ள, ஜனங்கள் கைதட்டுகிறார்கள். இந்தத் தமிழர்களுக்கு எத்தனை பெரிய மனசு என்று நினைத்திருப்பார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கை கூப்பினார். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.

பிறகு அவர் செய்ததுதான் நான் எதிர்பாராதது. மைக்கோடு இரண்டடி முன்னால் வந்து, கடைசியில் நின்ற தன் ஊர் ஆட்களைப் பார்த்து, அதையே வங்க மொழியில் சொன்னார். அதே வரிசை, அதே நிறுத்தங்கள். இதற்கு நான் தேவை இல்லை. மேடை மேல் தேவை இல்லாமல் நிற்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கையைப் பின்னால் கட்டினேன், முன்னால் கட்டினேன், கலியமூர்த்தியின் தண்ணீரைக் குடித்தேன்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் கை தட்டவில்லை. ஒருவர் தலை குனிந்துகொண்டார்.

வசந்தா திரும்பி அவர்களைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி அவர்களைப் பார்த்தாள். எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து ரஃபிகுல் பக்கம் போனாள்.

"தம்பி, இப்ப அவரு ஒங்க பாசைல சொன்னாரே, அதத்தானே மொதல்ல சொன்னாரு?"

"ஆமாக்கா. அதேதான்."

"எங்களுக்குக் கை தட்டத் தோணுச்சு. ஒங்களுக்கு ஏன் தோணல?"

ரஃபிகுல் மேடையைப் பார்த்தான். என்னைப் பார்த்ததும் அவனுக்கே சங்கடமாக இருந்தது. "அண்ணன் வேற மாதிரி சொல்லிட்டாருக்கா. எங்க ஊர்த் தலைவரு தப்பு பண்ணிட்டோம்னு சொல்றாரு. கேக்காம நெலம் எடுத்தோம், போலீஸ் அனுப்புனோம், ஜனங்க வெரட்டுனது சரிதான்னு சொல்றாரு."

"நீ பொய் சொல்லலியே?"

"எங்கப்பாவும் அந்தக் கட்சிதாங்க்கா. வூட்டுல இன்னும் கொடி இருக்கு. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று பேசியதால் பாதிக் கூட்டத்துக்குக் கேட்டுவிட்டது. வசந்தா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏங்க மொழிபெயர்ப்பு! அவரு சொன்னத ஏன் மாத்திச் சொன்னீங்க?"

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன். மைக்கைத் தட்டினேன். "ஹலோ... ஹலோ... மைக் கேக்கலீங்க... மைக்ல ஏதோ கோளாறு..." என்றேன். மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துக்கொண்டு கத்தினார்: "மைக்கு நல்லாத்தாங்க இருக்கு! கரூர் வரைக்கும் கேக்கும்!"

கூட்டம் சிரித்தது. எனக்குத் தெரிந்து அன்று கூட்டம் மனசு விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மண்டல் என் முழங்கையைத் தொட்டார். அந்தம்மா என்ன கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேடைக்குக் கீழே கலியமூர்த்தி கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். மேடையிலிருந்து குதித்து ஓடினால் ரயில்வே ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர் என்று நான் கணக்குப் போட்டேன். அப்புறம் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. நான் சொன்ன அரும்பாடுபட்டோமை நம்பி அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஒன்றரை ஏக்கர் போயிருக்கும். அதை யாரும் திருப்பித் தோண்டி எடுக்க முடியாது.

"நீங்கள் சொன்னதை நான் ஏன் மாற்றிச் சொன்னேன் என்று கேட்கிறார்" என்றேன், ஆங்கிலத்தில். இருபத்தைந்து வருடத்தில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அது.

கைதட்டல் எதற்கு என்பது மண்டலுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். முகம் சிவந்தது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, முதலிலிருந்து" என்றார். அவ்வளவுதான்.

அவர் மறுபடியும் சொன்னார். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். நிலம் கொடுத்ததால் வந்தோம், நிலம் எடுத்ததால் போனோம் என்றபோது யாரும் தட்டவில்லை. கேட்கவில்லை என்றேன். போலீஸை அனுப்பினோம் என்றேன். சிலர் நிலம் கொடுத்தும் வேலை வரவில்லை, ஃபேக்டரியும் வரவில்லை என்று அவர் சேர்த்துச் சொன்னார், அதையும் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வசந்தா ரஃபிகுலைப் பார்ப்பாள். அவன் தலையசைப்பான். அப்புறம்தான் அடுத்தது. ஒரு இடத்தில் அவன் கையைத் தூக்கினான்.

"அண்ணே, ஒண்ணு விட்டுட்டீங்க. மன்னிப்புக் கேக்கறேன்னாரு."

அது பயத்தில் விட்டது. வேண்டுமென்று விட்டதல்ல. அதையும் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் கலியமூர்த்தி என்னோடு பேசவில்லை. கார் டிக்கியில் மண்டலின் பையை வைக்கும்போது மட்டும், "பத்து வருஷ வேலைய ஒரே வாயில கெடுத்துட்டீங்க" என்றார். எந்த வாய், முதலில் சொன்னதா இரண்டாவது சொன்னதா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எங்கள் இயக்கத்தில் இது வழக்கம். தவறு செய்தவன் தன் தவறைத் தானே எழுதிக் கொடுத்து, அதை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். மூன்று பக்கம் எழுதினேன். வாசித்து முடித்ததும் கலியமூர்த்தி எழுந்தார். "பதமாகச் சொல்லச் சொன்னது நான்தான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் மூன்று பக்கத்தில் அதை எழுதியிருக்கவில்லை.

6. கம்பெனி ஆபீசர்

திங்கட்கிழமை யாரும் கையெழுத்துப் போடவில்லை. பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஆபீசர் ஒருவரே ஊருக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வடக்கத்திக்காரர், ஆங்கிலமும் இந்தியும்தான். மொழிபெயர்க்கத் தாங்களே ஆள் கூட்டி வருவதாகச் சொன்னார்கள். வசந்தா முடியாது என்றாள். எங்க ஆளை நாங்க வச்சுக்கறோம் என்றாள்.

என்னைக் கூப்பிட ரஃபிகுலை அனுப்பியிருந்தாள். நான் நம்பவில்லை. ஊருக்குப் போனதும் அவளிடமே கேட்டேன்.

"என்னையாங்க? அன்னிக்கு அப்படிச் செஞ்சவனையா?"

"ஒங்களத்தான். பொய் சொல்லி ஒரு தடவ மாட்டுனவரு நீங்க. இன்னொரு தடவ மாட்டக் கூடாதுன்னு பயந்துக்கிட்டு ஒழுங்காச் சொல்லுவீங்க. புது ஆளக் கூட்டியாந்தா அவன் எப்ப மாட்டுவான்னு யாருக்குத் தெரியும்?"

என் இத்தனை வருடப் பணிக்கு யாரும் இதைவிட நல்ல சான்றிதழ் கொடுத்ததில்லை. பயம் எனக்கு உதவிய ஒரே இடம் இது.

ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் ஆபீசர், எதிரே வசந்தாவும் ஊர்க்காரர்களும். நடுவில் நான். பக்கத்தில் ரஃபிகுல், ஆபீசர் இந்திக்குத் தாவினால் பார்த்துக்கொள்ள. கடைசிப் பெஞ்சில் கலியமூர்த்தி வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடாமல் வந்திருந்தார்.

சம்மதக் கடிதம் வசந்தாவின் மடியில். மகன் அவள் பின்னால் நின்றான்.

ஆபீசர் கம்பெனியைப் பற்றி, பள்ளிக்கூடம் கட்டித் தருவது பற்றி, மரம் நடுவது பற்றிப் பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை விஷயம் வந்தது. ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். அவருடைய ஆளாக இருந்திருந்தால் அதை "வேலை நிச்சயம்" என்று தமிழாக்கியிருப்பான். பழைய நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், கைதட்டலோடு.

"வேலை கொடுக்க முயற்சி செய்வோம் என்கிறார்" என்றேன்.

வசந்தா ரஃபிகுலைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"முயற்சி பண்ணுவோம்னா, தருவோம்னு அர்த்தமா?"

"இல்லீங்க. தருவோம்னு அவர் சொல்லல."

"எழுதிக் குடுப்பாரான்னு கேளுங்க."

கேட்டேன். ஆபீசர் நீளமாகச் சொன்னார். இரண்டு முறை முழங்கையைத் தொட்டு நிறுத்தினேன். மேலிடத்தில் பேச வேண்டும், கொள்கை உண்டு, நம்பிக்கைதான் முக்கியம், பிறகு பார்க்கலாம். ஒவ்வொன்றையும் சொன்னேன். சுருக்கவில்லை. சுருக்கியிருந்தால் "இல்லை" என்ற ஒரே சொல் போதும். ஆனால் சுருக்குவது என் வேலை இல்லை என்று அதற்குள் கற்றிருந்தேன்.

புதிதாக வருகிற தோழர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். மேடையில் நிற்கும்போது கட்சியை நாம்தான் காப்பாற்றுகிறோம் என்று தோன்றும். நம் வேலை அது இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த வார்த்தையை நம்பித் தன் நிலத்தைக் கொடுக்கப் போகிறார்.

வசந்தா மடியிலிருந்த கடிதத்தை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், மகனிடம் கொடுத்தாள். பிறகு ஆபீசரைப் பார்த்தாள்.

"நீங்க முயற்சி பண்ணி முடிச்சிட்டு, எழுதி எடுத்துக்கிட்டு வாங்க. அப்பறம் நானும் கையெழுத்துப் போட முயற்சி பண்றேன்."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். பின்வரிசையில் கலியமூர்த்தியும் என்னைப் பார்த்தார். நான் அதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், ஆங்கிலத்தில் சொன்னேன்.